கோலியின் வலப்பக்கம்

சரி சரி, மீதிய அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல வாயத் தொறங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். என்ன தம்பி, கோல் போஸ்ட்டுக்குத்தான் வழி விட மாட்டீங்கன்னு பாத்தா வாய்க்குமா? ம், அப்படித்தான். இந்தக் குழாய ஓரமா மாட்டி விடறேன், எச்சில அதுவே உறிஞ்சிக்கும். கர்ருன்னு ஒரு சத்தம் வரும், அதுபாட்டுக்கு வரட்டும்.

ஹெல்மெட் மாட்டிட்டு கோல் காக்கற கோலிக்கு எதுக்கு டாக்டரம்மா பல்ல மூடற மௌத்கார்டுன்னு கேட்டீங்க. அது உங்க கோச்சோட உத்தரவு. இந்த வருஷம் டீம்ல ஒருத்தர் விடாம எல்லாரும் போட்டே ஆகணுமாம். ஒவ்வொருத்தர் பல்லுக்கும் தனித்தனியா அச்சு எடுத்து நான்தான் செஞ்சு குடுக்கணுமாம். அச்சு எடுக்கறதுக்கு முன்னாடி பல்லச் சுத்தம் பண்ணணும். உங்க கீழ்ப் பல்லுக்குப் பின்னாடி படிஞ்சிருக்கற காறையப் பாத்தா, அதுக்கே ஒரு டிஃபென்ஸ் வரிசை போட்டு வெச்சிருக்கீங்க. கொஞ்ச நேரம் எடுக்கும். வலிச்சா எடது கையத் தூக்குங்க. வலிச்சா மட்டும்.

உள்ள வர்றப்பவே கேட்டீங்க, நம்ம டீம் பிராக்டிஸ் மேட்ச்செல்லாம் எப்படி டாக்டரம்மா ஆடிச்சுன்னு. மரியாதைக்குக் கேட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா கேட்டுட்டீங்க இல்ல, இப்ப மாட்டிக்கிட்டீங்க. நான் எல்லா மேட்ச்சும் பாத்தேன். கேலரியில மூணாவது வரிசை, தூணுக்குப் பக்கத்துல. எங்க வீட்டுக்காரரும் கூட வருவாரு. அவருக்கு ஹாக்கி ஒரு மண்ணும் தெரியாது. இளவெயிலு, நல்ல காத்து, வீட்டு போன் இல்ல, நிம்மதியா தூக்கம் வருதுன்னு வருவாரு. கோல் விழுந்தா முழிச்சுக்கிட்டு, நாமளா அவங்களான்னு கேப்பாரு. நாமதான்னா கை தட்டிட்டு மறுபடி கண்ண மூடிக்குவாரு. அவர மாதிரி ரசிகருங்களுக்குத்தான் மனசு ஒடையாது.

சனிக்கிழமை மொத மேட்ச். கோல்ல யாரு நிக்கறதுன்னு கோச் இன்னிக்கு சாயங்காலம் சொல்லிடுவாரு. நீங்கதான்னு ஊரே முடிவு பண்ணியாச்சு. நான் மட்டும் இன்னும் பண்ணல.

கைய எறக்குங்க. வலிக்குதா? இல்லையே. அப்ப எதுக்குத் தூக்கறீங்க? அப்பீலெல்லாம் இங்க கெடையாது தம்பி. டி.வி.யில திருப்பிப் போட்டுப் பாக்கற அம்பயரும் இங்க கெடையாது. நான் ஒருத்திதான் எல்லாம். உங்ககிட்ட வர்றேன், ஆனா கடைசியில. மொதல்ல முன்வரிசை.

நம்ம ஒட்டடக்குச்சி. அந்த சென்டர் ஃபார்வர்ட், ஆறடிக்கு மேல வளந்துட்டு, குனியறதுன்னா கௌரவக் கொறச்சல்னு நெனைக்கறவரு. போன வருஷம் பூரா பந்து அவரு காலுக்குக் கீழ போயிட்டிருந்துச்சு, இவரு கொடிக்கம்பம் மாதிரி நின்னு வழியனுப்பிட்டிருந்தாரு. இந்த வருஷம் யாரோ புண்ணியவான் குனியக் கத்துக் குடுத்திருக்காங்க. நல்லா குனியறாரு. குனிஞ்சவரு நிமிரத்தான் மாட்டேங்கறாரு. பந்தையே பாத்துக்கிட்டு ஓடி, கோல் எங்க இருக்குன்னு பாக்காமயே அடிக்கறாரு. பல்கலைக்கழக அணிய ஆறுக்கு ஒண்ணுன்னு ஜெயிச்சோமே, அதுல அவரு நாலு போட்டாரு, ஒத்துக்கறேன். ஆனா அவங்க கோலி அன்னிக்கு மனசு சரியில்லாம வந்திருந்தாரு போல. ஒரு கோல் விழறப்ப கால் பேடோட வாரக் கட்டிட்டிருந்தாரு. அத வெச்சு இவரு பெரிய ஆளுன்னு சொல்ல மாட்டேன்.

ரப்பர் இருக்காரே, அந்த வலது விங்கு. தம்பி, அவரு கால்ல இருக்கற வேகத்துல பாதி புத்தியில இருந்திருந்தா நாம எங்கியோ போயிருப்போம். ஒருத்தரத் தாண்டறாரு. ரெண்டு பேரத் தாண்டறாரு. நான் சீட்டு நுனிக்கு வந்துடறேன். அப்ப பந்த உள்ள தள்ளி விட வேண்டியதுதானே? இல்ல. திரும்பி வர்றாரு. தாண்டின ஆளயே மறுபடி தாண்டறாரு. சொல்லாமக் கொள்ளாம கெளம்பிட்டோமேன்னு போயிட்டு வர்றேன் சொல்லத் திரும்பி வந்த மாதிரி! சிரிக்காதீங்க, கருவி ஈறுல பட்டுடும். சிரிப்பு வந்தா கட்டை விரலக் காட்டுங்க, நான் புரிஞ்சுக்கறேன்.

கேப்டனப் பத்தி நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். நடுவுல நின்னு பந்தப் பிரிச்சுக் குடுக்கறது, பெரிய குடும்பத்துல மூத்த அண்ணி பந்தி பரிமாறற மாதிரி. யாருக்கு எவ்வளவு வேணும்னு கேக்காமயே தெரியும். அவரு தட்டுல ஒண்ணும் மிஞ்சாது, அதுதான் கவல.

பெனால்டி கார்னருக்கு வாங்க. விதவிதமா ஒத்திகை பாத்திருக்காங்க. ஒருத்தரு தாண்டிக் குதிக்கறாரு, ஒருத்தரு அடிக்கற மாதிரி அடிக்காம போறாரு, ஒருத்தரு திரும்பி நின்னு வேற யாருக்கோ கை காட்டறாரு. பாக்க நல்லா இருக்கு. நாடகக் கொட்டகையில போட்டா டிக்கெட் விக்கலாம். பந்து மட்டும் கோலுக்குப் போகல. துறைமுக அணி கூட ஆடினப்ப நம்ம வித்தையெல்லாம் பாத்துட்டு, அவங்க ஆளு ஒருத்தரு நெசமாவே கை தட்டினாரு.

சரி, வாயக் கொப்புளிங்க. டம்ளரு அங்க. எடது பக்கந்தான்.

சொல்லுங்க. ம். ம். யாரு, பூட்டா? ஆமா, நான் அவருக்கு வெச்ச பேரு அதுதான். உங்களுக்குத் தெரியாதா? கேலரி மொத்தமும் அப்படித்தான் சொல்லுது. டிஃபென்ஸ்ல நின்னா கதவுக்குப் பூட்டு, வெளிய வந்தா வாய்க்குப் பூட்டு. உங்க தங்கச்சி வீட்டுக்காரருங்கறதுக்காக நான் பேர மாத்த முடியாது. ம். அப்படியா? எப்ப இருந்து? வீட்டுக்கு சாப்பிட வர்றதில்லையா? பேசினா மொகத்தத் திருப்பிக்கறாரா? கோவமா இருக்கார்னு நீங்களா நெனைச்சுக்கறீங்களா, இல்ல அவரு சொன்னாரா? சொல்லல. தங்கச்சியக் கேட்டா ஒண்ணுமில்லண்ணான்னு சொல்றாளா. பூட்டுக்கு ஏத்த சாவிதான் போங்க. பிராக்டிஸ் மேட்ச்ல போலீஸ் அணிகிட்ட அஞ்சு கோல் வாங்கினீங்களே, அதுக்காக மாப்ளைக்கு உங்க மேல கோவம்னு நெனைக்கறீங்க. நல்ல ஆராய்ச்சி. வாயத் தொறங்க.

இப்ப மேல் வரிசை. அப்பறம் உங்களுக்குத்தான் அச்சு.

உங்க மாப்ளயப் பத்தியே சொல்றேன். எனக்கு அவர உங்களவுக்குத் தெரியும், எப்படின்னா, பத்து வருஷமா அவரு முதுகப் பாத்துட்டிருக்கேன். நீங்களும் அதத்தான் பாக்கறீங்க, கோல்ல நின்னா உங்களுக்கு முன்னாடி அவரு முதுகுதானே. இத்தன வருஷத்துல அந்த மனுஷன் மைதானத்துல வாயத் தொறந்து நான் பாத்ததில்ல. அம்பயரு தப்பா விசில் ஊதினாக்கூட ஒரு பார்வை பாத்துட்டு போயிடுவாரு. அப்பேர்ப்பட்டவரு இந்த வருஷம் மொத பிராக்டிஸ் மேட்ச்ல இருந்து ஒரே கத்தல். எடது! வலது! வலது, மேல! நானே அரண்டு போயிட்டேன். எங்க வீட்டுக்காரரு தூக்கத்துல இருந்து எந்திரிச்சு, யாரு இந்தாளு, காய் விக்கறாரான்னு கேட்டாரு.

பக்கத்துல இருந்த பெரியவரு ஒருத்தரு சொன்னாரு, பொண்ணு பொறந்திருக்குல்ல, பொறுப்பு வந்துடுச்சு, அதான் கத்தறாருன்னு. நானும் சரின்னு தலையாட்டினேன். ஆனா வீட்டுக்குப் போற வழியெல்லாம் எனக்கு ஒரு கேள்வி. ஹாக்கியில கத்த வேண்டியது யாரு? கோலிதானே. மைதானம் முழுக்க அவரு கண்ணுக்கு முன்னாடி கெடக்கு. அவருதான் பின்னால இருந்து, நீ வலது போ, நீ ஆளப் புடின்னு சொல்லணும். உங்க மாப்ள மாதிரி ஃபுல்பேக் கோலிக்கு முதுகக் காட்டிட்டு நிக்கறவரு, அவரு கேக்கணும். இத்தன வருஷமா நீங்கதான் கத்தினீங்க. தொண்டை கட்டிப் போயி, மேட்ச் முடிஞ்சு பேட்டி குடுக்கறப்ப கீச்சுக் கீச்சுன்னு பேசுவீங்களே, எனக்கு அது ரொம்பப் புடிக்கும். இந்த வருஷம் நீங்க அமைதி. அவரு கத்தறாரு. தலைகீழா இருக்கே!

கை எறங்கட்டும். வலி இல்லன்னு எனக்குத் தெரியும்.

சரி, சுத்தம் முடிஞ்சுது. எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க, அம்பயரு மேல கோவம் வந்தா தாராளமா பல்லக் கடிக்கலாம். இந்தா, இதுதான் அச்சு எடுக்கற மாவு. சாப்பிடற மாவு இல்ல, முழுங்கிடாதீங்க. ட்ரேயில நெரப்பி வாயில வெச்சுட்டா இறுகற வரைக்கும் அசையக் கூடாது, பேசக் கூடாது. மூக்கால மூச்சு விடுங்க. ஆங். கடிங்க. விடாம கடிங்க.

இப்ப உங்க கதை.

கணக்கப் பாத்தா இந்த வருஷம் நீங்க பிரமாதம். வங்கி அணி ஒண்ணும் போடல. துறைமுகம் ஒண்ணு. பல்கலைக்கழகம் ஒண்ணு. பேப்பர்ல கூட எழுதினாங்க, வயசு ஏற ஏற மெருகு ஏறுதுன்னு. அத வெட்டி என் மேசைக் கண்ணாடிக்குக் கீழ வெச்சேன். அப்பறம் போலீஸ் மேட்ச். அஞ்சு.

எல்லாரும் என்ன சொன்னாங்க? ஒரு நாள் அப்படித்தான் அமையும், மனுஷன் இல்லையா. கோச்சும் அதத்தான் சொன்னாரு. ஆனா அன்னிக்கு என்ன வித்தியாசம்? எதிரணி பெரிசா? பல்கலைக்கழகத்த விட மோசமா ஆடினாங்க. வெயிலா? மேகமா இருந்துச்சு. ஒரே ஒரு வித்தியாசந்தான். அன்னிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மொத்தமும் கேலரிக்கு வந்துடுச்சுங்க. விசிலு, டப்பாத் தட்டு, தொண்டை கிழியக் கத்தலு. எனக்குப் பக்கத்துல உக்காந்த வாண்டு என் காதுக்குள்ளயே ஊதுது. எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல, பாவம். மத்த மேட்ச்செல்லாம் கேலரியில ஆளே இல்லாம, பந்து கோல் பலகையில பட்டா டொக்குன்னு வீடு வரைக்கும் கேக்கும். அன்னிக்கு உங்க மாப்ள கத்தினாரு, வாய் அசைஞ்சுது, கழுத்து நரம்பு பொடைச்சுது, எனக்கே ஒண்ணும் கேக்கல. உங்களுக்கு எங்க கேக்கும்?

அஞ்சும் வலது பக்கம். உங்களுக்கு வலது பக்கம். ஒண்ணு கூட எடதுல போகல. எடதுல வந்த மூணு பந்த, அடேயப்பா, பறந்து தடுத்தீங்க. வலதுல ஒண்ணு உருண்டுதான் வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கூட எந்திரிச்சுப் போயி நிறுத்தியிருப்பாரு. நீங்க திரும்பவே இல்ல.

அசையாதீங்க. இன்னும் இறுகல.

அதுக்கப்பறம் நான் உங்களத்தான் பாத்தேன், மேட்ச்சப் பாக்கல. கழுத்த வலப்பக்கம் திருப்பியே வெச்சுக்கறீங்க. கொத்தப் போற கோழி ஒரு கண்ணால தானியத்தப் பாக்குமே, அந்த மாதிரி. தண்ணி பாட்டில வலதுல வெச்சா தடவிப் புடிக்கறீங்க. போன சீசன் கடைசி மேட்ச்ல பந்து ஹெல்மெட் கம்பியில மோதி, நீங்க கொஞ்ச நேரம் உக்காந்துட்டீங்களே, அது வலது பக்கந்தான்னு எனக்கு நல்லா ஞாபகம். அப்பவும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு கை காட்டினீங்க.

எடுக்கறேன். ஆ. வந்துடுச்சு. அழகா வந்திருக்கு. ஆனா… ம்… இந்தக் கடவாப் பல்லு ஓரம்… இன்னொரு தடவ எடுத்துடலாம். பேசாதீங்க, மாவு கலந்துட்டேன், காஞ்சிடும். தொறங்க. கடிங்க.

ஒரு விஷயம் கேக்கறேன், விரலால பதில் சொல்லுங்க. நான் வலது கைக்காரி, எப்பவும் பேஷண்ட்டுக்கு வலது பக்கந்தான் உக்காருவேன். இன்னிக்கு சுத்தம் பண்றப்ப பாதியில எந்திரிச்சு எடது பக்கம் வந்து உக்காந்தேன், கவனிச்சீங்களா? ஏன்னா, வலதுல இருந்து நான் அந்தச் சின்னக் கண்ணாடியக் கொண்டு வந்த ஒவ்வொரு தடவையும் நீங்க தூக்கிப் போட்டீங்க. துறைமுகத்துக்காரன் குண்டு மாதிரி அடிச்சப்ப கண்ண இமைக்காத ஆளு, ஒரு ரூபாய் அகலக் கண்ணாடிக்கு நடுங்கறீங்க. அது வாயில படற வரைக்கும் அது வர்றதே உங்களுக்குத் தெரியல.

எடது கண்ண மூடுங்க. அட, மூடுங்களேன், நான் யாரு, உங்க டீமோட பல்லு டாக்டரு, கண்ணப் பத்தி எனக்கு என்ன தெரியும். கையால பொத்துங்க. ம். இப்ப நான் எத்தன விரல் காட்டறேன்? உங்க விரலால காட்டுங்க.

ரெண்டா.

நான் கையே தூக்கல தம்பி.

சரி. சரி. இந்தாங்க டிஷ்யூ. மாவு கண்ணுக்குள்ள போயிருக்கும். ஆமா, அதான். மூக்கால மூச்சு விடுங்க. மெதுவா.

சும்மா சொல்லிடறேன், மொதல் அச்சே பிரமாதமா வந்துடுச்சு. கடவாப் பல்லு ஓரத்துல ஒரு கொறையும் இல்ல. ரெண்டாவது தடவ வெச்சது எதுக்குன்னா, வாயில இது இல்லன்னா, ஒண்ணுமில்ல டாக்டரம்மா, தூசி விழுந்துடுச்சு டாக்டரம்மான்னு நாலு வார்த்தை சொல்லிட்டு எந்திரிச்சு ஓடியிருப்பீங்க. இவ்வளவு நாளா எல்லாருகிட்டயும் அப்படித்தானே ஓடினீங்க. எனக்குத் தெரிஞ்சு கோலியப் புடிச்சு வெக்க இத விட நல்ல வழி இல்ல.

கோச்சுகிட்ட நான் சொல்ல மாட்டேன். இந்த நாற்காலியில உக்காந்தவங்களப் பத்தி வெளிய ஒரு வார்த்த பேச மாட்டேன், அது என் தொழிலு. நீங்கதான் சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள. மேல் மாடியில கண் டாக்டரு இருக்காங்க, எங்கூடப் படிச்சவங்க, கொஞ்சம் சிடுசிடுன்னு பேசுவாங்க, ஆனா வேலையில கெட்டி. போறப்ப நேரா ஏறிப் போயிடுங்க, சொல்லி வெச்சிருக்கேன். சரியாகறதா, ஆகாததான்னு பாத்தாத்தான் தெரியும். பாக்காம இருந்தா என்ன ஆகும்னு மட்டும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை நீங்க இல்லன்னா கோல்ல யாரு? நம்ம ரெண்டாவது கோலி, அந்த மன்னிப்பு. பேரச் சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும். பந்தத் தடுத்துட்டு அதுகிட்டயே மன்னிப்பு கேக்கற மொகம். நாம தோப்போம். எனக்கு அதுல சந்தேகமே இல்ல. நான் மூணாவது வரிசையில உக்காந்து, வயித்தெரிச்சல்ல கத்தித் தீத்துட்டு வீட்டுக்குப் போறேன். அது என் பாடு. பதினோரு வருஷமா நீங்க நிக்கற கோலுக்குப் பின்னாடி எனக்கு ஒரு நிம்மதி. அத விட்டுக் குடுக்க எனக்கென்ன ஆசையா?

இப்ப எடுக்கறேன். கொப்புளிங்க. நல்லா.

சொல்லுங்க. ம். ஜூன்ல இருந்தா? ம். மங்கலா ஆரம்பிச்சு… ம். இதோ பாருங்க, பயந்ததுக்கெல்லாம் நான் திட்டப் போறதில்ல. உங்களுக்கு வேற எதுவும் செய்யத் தெரியாதுன்னு சொல்றீங்களே, அத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். கத்தத் தெரியுமே! மைதானத்துக்கு வெளிய நின்னு கத்தறதுக்குப் பேருதான் கோச்சு. அட, சிரிப்பு வருதே. வரட்டும்.

மாப்ளைக்கு நீங்க சொல்லவே இல்லையா? அவராவே கண்டுபுடிச்சிருக்காரு. நீங்க ஒரு வார்த்த சொல்லாமயே அவரு கத்த ஆரம்பிச்சிருக்காரு. நீங்களும் எதுக்கு மாப்ள கத்தறன்னு ஒரு வார்த்த கேக்காமயே அத வெச்சு பந்தத் தடுத்திருக்கீங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தரு தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு இந்த நாடகம். பெனால்டி கார்னருக்கு ஒத்திகை பாத்தவங்களே தேவலாம்.

இன்னும் ஒண்ணு சொல்றேன், இது கேலரியில நான் பாத்தது. டிக்கெட் வாங்கிப் பாத்தது, யாரு ரகசியமும் இல்ல. துறைமுக மேட்ச்ல ரெண்டாவது பாதி. வலது பக்கத்துல இருந்து ஒரு பந்து எழும்பி வந்துச்சு. உங்க மொகம் எடது பக்கம் இருந்துச்சு. உங்க மாப்ள எங்கிருந்தோ குறுக்க பாஞ்சாரு. ஸ்டிக்க நீட்ட நேரம் இல்ல. ஆள நீட்டிட்டாரு. அது உங்களுக்குத் தெரியாது, நீங்க திரும்பறதுக்குள்ள அவரு எந்திரிச்சு முதுகக் காட்டிட்டு நின்னாரு. அம்பயருக்கு ஒண்ணுமில்லன்னு கை ஆட்டினாரு. மாத்து ஆள உள்ள வரச் சொல்லிட்டு, கோட்டுக்கு வெளிய போயி, துண்ட எடுத்து மொகத்துல வெச்சுக்கிட்டாரு. கொஞ்ச நேரத்துல மறுபடி வந்து கத்த ஆரம்பிச்சாரு. கத்தறப்ப வார்த்தை கொஞ்சம் கொழகொழன்னு வந்துச்சு.

எங்க பட்டுச்சுன்னு உங்ககிட்ட என்ன சொன்னாரு?

தோள்பட்டையா. ம்.

அன்னிக்கு சாயங்காலம் யாரு எங்கிட்ட வந்தாங்க, யாரு வரலங்கறதெல்லாம் நான் சொல்ல மாட்டேன். கேக்காதீங்க. கோச்சு எல்லாருக்கும் மௌத்கார்டுன்னு திடீர்னு ஏன் உத்தரவு போட்டாரு, அவரு காதுல யாரு போட்டாங்க, அதையும் கேக்காதீங்க.

எந்திரிங்க. மெதுவா, தலை சுத்தும். மௌத்கார்டு வெள்ளிக்கிழமை தயாராயிடும். சனிக்கிழமை தேவைப்படலன்னாலும் வந்து வாங்கிக்கங்க, இந்த சீசன் இல்லன்னா அடுத்த சீசன். கதவு உங்களுக்கு வலது பக்கம், பாத்துப் போங்க.

அடுத்தது உங்க மாப்ளதான், வெளிய உக்காந்திருக்காரு. அவருக்கு அச்சு இல்ல, வேற வேல, நேரமாகும். உங்களப் பாத்ததும் மொகத்தத் திருப்பிக்குவாரு. விடாதீங்க. முன்னாடி போயி நின்னு, ஒரே ஒரு தடவ சிரிக்கச் சொல்லிப் பாருங்க.